வெளிநாட்டில் கலியாணம்: புறப்படும் முன் சேர்க்க வேண்டிய பத்திரங்கள்

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வீட்டுத்திட்டம், கிணறு, காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி என்று எத்தனையோ விடயங்களைப் பேச வேண்டிய இடத்தில் கலியாணப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு எங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்கப்படும் கேள்விகளில் அதிகமானவை இதைப் பற்றியவைதான். இடம்பெயர்வு எங்களுடைய குடும்பங்களைப் பல நாடுகளில் பிரித்து வைத்திருக்கிறது. பெற்றோர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், ஒரு பிள்ளை இன்னும் தமிழ்நாட்டு முகாமில், இன்னொரு பிள்ளை கனடாவில். இந்த நிலையில் பேசப்படும் சம்பந்தங்களில் ஒரு பகுதி வெளிநாட்டு மாப்பிள்ளை, வெளிநாட்டுப் பொம்பிளை. கலியாணமும் பல வேளைகளில் இங்கே நடப்பதில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பதில்லை, அல்லது அவர் இலங்கைக்கு வர முடியாத நிலையில் இருப்பார். திருச்சியிலோ சென்னையிலோ மண்டபம் பிடித்து இரண்டு பகுதியும் அங்கே கூடுகிறார்கள்.

கூறையும் தாலியும் எந்த ஊரிலும் ஒன்றுதான். கடதாசி அப்படியல்ல. ஒரு நாட்டில் செல்லுபடியாகும் கடதாசி இன்னொரு நாட்டில் வெறும் தாளாகிவிடலாம். அப்போது நட்டப்படுகிறவர் பெரும்பாலும் இங்கே இருக்கிற பிள்ளைதான். ஆகவே நாள் வைப்பதற்கு முன்னரே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மறுபகுதியார் சட்டப்படி யார்? அவர் இப்போது திருமணம் செய்யத் தகுதியானவரா? பதிவு எந்த நாட்டுச் சட்டப்படி நடக்கப் போகிறது? இன்றைக்கு நான் சொல்லப் போவது முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

மறுபகுதியார் சட்டப்படி யார்?

"அவர் எங்கட ஊர்ப் பிள்ளைதானே" என்று சொல்லி விடுகிறோம். ஊர்ப் பிள்ளை என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வாழும் எங்களவர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகையினர் அல்லர். நான்கு வகை உண்டு.

முதலாவது, நிரந்தர வதிவிட அனுமதியோ வேலை விசாவோ பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர். இவர் இலங்கைப் பிரசை மட்டுமே.

இரண்டாவது, அகதி அந்தஸ்துப் பெற்று அந்த நாடு கொடுத்த பயணப் பத்திரத்தோடு இருப்பவர். இந்தப் பத்திரத்தில் பொதுவாக இலங்கைக்குச் செல்ல இடமில்லை. இந்தியாவில் நடக்கும் பல கலியாணங்களுக்கு இதுவே காரணம்.

மூன்றாவது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர். இலங்கைப் பிரசை ஒருவர் தாமாக விண்ணப்பித்து வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், எங்களுடைய குடியுரிமைச் சட்டப்படி அவருடைய இலங்கைக் குடியுரிமை இல்லாமற் போகிறது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும், பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தாலும் இதுதான் நிலை.

நான்காவது, இரட்டைக் குடியுரிமை பெற்றவர். 1987 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதற்கு வழி செய்தது. இது தானாகக் கிடைப்பதல்ல. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, அதற்கென ஒரு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது வகையினரில் பலர் தங்களை நான்காவது வகையினர் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்வதல்ல, அவர்களுக்கே அப்படி ஒரு நினைப்பு. ஆகவே "உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழின்ர படம் ஒன்று அனுப்புங்கோ" என்று கேளுங்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? முதலில் காணி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. சீதன உறுதியில் மகளோடு மருமகனின் பெயரையும் சேர்த்து எழுத நினைக்கிறவர்கள், மருமகன் எந்த வகையினர் என்பதைத் தெரிந்து கொண்டுதான் நொத்தாரிசிடம் போக வேண்டும். அடுத்து வதிவிடம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் ஊரில் எவ்வளவு காலமும் தங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் விசா எடுத்துத்தான் தங்க வேண்டும்.

அவர் திருமணம் செய்யத் தகுதியானவரா?

இது கேட்கக் கூச்சமான கேள்வி. தரகர் சொன்னார், பெரியம்மா முறையானவர் சொன்னார் என்று விட்டுவிடுகிறோம். "நாங்கள் எப்படி அதைக் கேக்கிறது, சம்பந்தம் குழம்பிப் போகாதோ?" என்று ஒரு தாய் கேட்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிற நாட்டின் பதிவாளர் கேட்பார். விசா அதிகாரி கேட்பார். அவர்களுக்குக் காட்ட வேண்டிய அதே கடதாசியைத்தான் நீங்கள் முன்கூட்டிக் கேட்கிறீர்கள். இரண்டு பகுதியும் ஒருவருக்கொருவர் காட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

முந்திய திருமணம் ஒன்று சட்டப்படி முடியாமல் இருக்கும்போது செய்யப்படும் அடுத்த திருமணம் செல்லாது. அது இலங்கையில் குற்றமும் ஆகும். "பிரிஞ்சு பத்து வருசம்" என்பது விவாகரத்து அல்ல. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். இலங்கை நீதிமன்றத்தில் விவாகரத்து என்றால், முதற் தீர்ப்புக் கிடைத்தவுடன் மறுமணம் செய்ய முடியாது. மூன்று மாதம் கழிந்து அது முற்றான தீர்ப்பாக்கப்பட வேண்டும். அந்த இரண்டாவது தீர்ப்பின் பிரதியைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கேள்வி எங்களுடைய பக்கத்துக்கும் உண்டு. கணவரை இழந்தவர் மறுமணம் செய்வதானால் மரணச் சான்றிதழ் தேவை. போர்க்காலத்தில் காணாமற் போனவரின் மனைவிக்கு இது மிகக் கடினமான இடம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற் போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழி தந்தது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம், மரணம் என்று எழுத விரும்பாத குடும்பத்துக்கு, அவர் காணக்கிடைக்கவில்லை என்று கூறும் சான்றிதழ் பெற வழி தந்தது. இரண்டும் ஒன்றல்ல. காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. எதைப் பெறுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதில் வேறு யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் மறுமணப் பேச்சு வருமானால், நாள் வைப்பதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் தன் கையிலுள்ள சான்றிதழைக் காட்டி ஆலோசனை பெற வேண்டும்.

வயதையும் சொல்லிவிடுகிறேன். பொது விவாகச் சட்டத்தின் கீழ் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆண், பெண் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 பெப்ரவரி 27 முதல் பெற்றோர் சம்மதம் இருந்தாலும் 18 வயதுக்கு முன் திருமணம் இல்லை. முஸ்லிம் சகோதரர்களின் விவாகம் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கு அவர்கள் தங்கள் பகுதி முஸ்லிம் விவாகப் பதிவாளரிடம் கேட்க வேண்டும்.

பதிவு எந்த நாட்டுச் சட்டப்படி?

நடந்த நாட்டின் சட்டப்படி முறையாக நடந்த திருமணத்தை மற்ற நாடுகளும் பொதுவாக ஏற்கின்றன. இலங்கையும் அப்படித்தான். ஆகவே எங்கே எழுத்து நடக்கிறதோ அந்த நாட்டு விதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே நடக்கும் ஒவ்வொரு திருமணமும் பதியப்பட வேண்டும். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கோயிலில் தருகிற இரசீதோ மண்டபக் கட்டணச் சீட்டோ திருமணச் சான்றிதழ் ஆகாது. சமயச் சடங்கு இல்லாமல் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி எழுதுவதானால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தங்கியிருந்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பிறகு இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை விசாவில் போய் வருகிறவர்களுக்கு இது நடக்காத காரியம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன்னரே சார்பதிவாளர் அலுவலகத்தில் வெளிநாட்டவர் என்ற முறையில் என்ன கேட்பார்கள் என்று ஆளனுப்பி விசாரியுங்கள்.

பிரான்சில் நகரசபையில் நடக்கும் எழுத்துத்தான் திருமணம். அது முடிந்த பிறகுதான் சமயச் சடங்கு நடத்தலாம். இங்கிலாந்தில் பதிவாளர் இல்லாமல் மண்டபத்தில் ஐயர் நடத்தும் சடங்கு மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. 28 நாள் முன்னறிவித்தலும் உண்டு. திருமணம் செய்துவிட்டுத் திரும்பி வருவதற்கென்று அங்கே தனி விசா இருக்கிறது. சாதாரண சுற்றுலா விசாவில் போய் எழுத்து எழுத முடியாது. கனடாவின் ஒன்ராறியோவில் முதலில் நகராட்சி அலுவலகத்தில் திருமண அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது 90 நாட்களுக்குச் செல்லும். சடங்கை நடத்துபவர் மாகாணத்தின் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். அன்றைக்குக் கையில் தருகிற துண்டு சான்றிதழ் அல்ல. பதிவு முடிந்த பின் மாகாண அரசிடம் விண்ணப்பித்துப் பெறுவதுதான் சான்றிதழ்.

இன்னொன்று. மாப்பிள்ளை அங்கே, பொம்பிளை இங்கே, தொலைபேசியிலோ காணொளியிலோ கலியாணம் என்ற பேச்சும் வருகிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே இடத்தில் நேரில் நிற்காமல் நடந்த திருமணத்தை வைத்து ஸ்பொன்சர் செய்வதைக் கனடா 2015 யூன் 11 முதல் ஏற்பதில்லை. தாலியை அனுப்பி இங்கே யாரும் கட்டிவிட்டால் போதும் என்று சம்மதிக்காதீர்கள்.

மறுபகுதியார் இலங்கைக்கு வரக்கூடியவர் என்றால், எழுத்தை இங்கேயே வைப்பது பல குடும்பங்களுக்கு இலகுவானது. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பிரிவில் 10 நாட்கள் வசித்திருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே நாட்டில் இருந்தால் அவர் கொடுக்கும் அறிவித்தல் போதும். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் கழிந்த பின் பதிவாளர் சான்றுப்பத்திரம் தருவார். அதன் பிறகு திருமணத்தை முடிக்க ஒரு கால எல்லை உண்டு. காத்திருக்க நேரமில்லாதவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் கேட்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடம் மேலதிகமாகக் கேட்கப்படும் பத்திரங்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அவர் விமானச்சீட்டு எடுக்கும் முன் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

எங்கே எழுதினாலும் ஒரு கலியாணத்துக்கு ஒரு பதிவு. இங்கே ஒரு திகதியில் எழுதி, பாதுகாப்புக்கு என்று அங்கே இன்னொரு திகதியில் மீண்டும் எழுதினால், பின்னர் எந்தத் திகதியைச் சொல்வது என்று விசா விண்ணப்பத்தில் சிக்குப்படுவீர்கள். சடங்கை எத்தனை இடத்திலும் வைக்கலாம். எழுத்து ஒரு தடவைதான்.

கொண்டு போக வேண்டியவை

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி. இடம்பெயர்வில் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அடுத்தது, தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும். பிறகு, திருமணமாகாதவர் என்பதற்கான சத்தியக் கடதாசி. அதோடு கிராம அலுவலரின் சான்றிதழும், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும். முன்பு திருமணமானவராக இருந்தால் நான் மேலே சொன்ன தீர்ப்பு அல்லது மரணச் சான்றிதழ். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். கொழும்புக்குப் போக வேண்டும் என்றில்லை, யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

பெயரில் கவனம் வையுங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். வெளிநாட்டில் அந்தத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடும், அல்லது பிள்ளையின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகத் திரும்பிவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, இந்திய முகாம் பதிவில் இன்னொரு எழுத்து என்று இருந்தால், ஆள் ஒருவர்தான் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டையும் கொண்டு போய், அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். முடியுமானால் பெயர் வேறுபாட்டைப் புறப்படும் முன் திருத்திக் கொள்ளுங்கள். மூலப் பத்திரங்களைத் தரகரிடமோ முகவரிடமோ கொடுக்காதீர்கள். அவர்களுக்குப் பிரதி போதும்.

கொண்டு வர வேண்டியவை

கலியாணம் முடிந்து எல்லோரும் களைத்துப் போய் விமானம் ஏறுகிறோம். அந்த நேரத்தில் மறந்து போவது ஒன்றுதான்: அத்தாட்சிப்படுத்திய திருமணச் சான்றிதழ். நடந்த நாட்டின் உரிய அமைச்சு அதை உறுதிப்படுத்த வேண்டும், அங்குள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் உள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயம். இதைப் பெண்ணின் பெற்றோர் தங்கள் கையில் ஒரு பிரதியாவது வைத்திருக்க வேண்டும். "அவரிட்டைத்தான் இருக்கு" என்பது போதாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அந்தக் கடதாசி நல்ல காலத்தில் தேவைப்படுவதைவிடக் கெட்ட காலத்தில்தான் அதிகம் தேவைப்படும். கணவர் திடீரென இறந்தால் மனைவியின் உரிமைக்கு, பிரிந்தால் தாபரிப்புக்கு, அனுமதிப்பத்திரக் காணியில் மனைவி என்று உரிமை கோருவதற்கு அதுவே ஆதாரம். தாலி கட்டி ஊரறிய வாழ்ந்த வழக்காற்றுத் திருமணத்தை எங்களுடைய நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். மண்டபத்துக்கு வந்த சாட்சிகள் நான்கு நாடுகளில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

வடமாகாணத் தமிழருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் கைவிட்டுப் போனாலோ இருப்பிடம் தெரியாவிட்டாலோ காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் கட்டளை பெறலாம். ஆனால் அங்கே முதற் கேள்வி, யாரை எப்போது எங்கே திருமணம் செய்தீர்கள், சான்றிதழ் எங்கே என்பதுதான். தேசவழமைக்கு உட்படாத ஒருவரைப் பெண் மணந்தால், அந்தத் திருமணம் நிலைக்கும் வரை அவரும் அதற்கு உட்படாதவர் ஆகிறார். ஆகவே உறுதி எழுதும்போது இதையும் நொத்தாரிசிடம் சொல்லுங்கள்.

பெண் வெளிநாடு போன பின் அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கும் நாள் வரும். அன்றைக்கு அவருடைய இலங்கைக் குடியுரிமை போகும். அதை வைத்துக் கொள்ள முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், இழந்த பின் மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் அவருக்குக் காணி எழுத எண்ணியிருந்தால் அந்த நாளுக்கு முன் நொத்தாரிசோடு பேசி முடிவெடுங்கள்.

பிள்ளைகள் விடயத்திலும் காலம் முக்கியம். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, பிறக்கும்போது தாயோ தந்தையோ இலங்கைப் பிரசையாக இருந்தால் இலங்கைக் குடியுரிமைக்கு உரித்துடையது. தாய் வழியாகவும் இது கிடைக்கும் என்று ஆக்கியது 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம். ஆனால் பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ இங்குள்ள திணைக்களத்திலோ பதிய வேண்டும். பிந்தினால் அமைச்சரின் அனுமதியோடுதான் பதியலாம். தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்றுத் திரும்பியிருக்கிற பெற்றோரே, இது உங்களுக்கும் பொருந்தும். 1987 யூலை 1 க்குப் பின் இந்தியாவில் பிறந்தது என்பதால் மட்டும் உங்கள் பிள்ளை இந்தியப் பிரசை ஆவதில்லை. இங்கேயும் பதியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் எடுக்கும் வயதில் இடர் வரும்.

முகாமில் தாலி கட்டி, எழுத்து இல்லாமலே திரும்பி வந்திருக்கிற தம்பதியரும் இங்கே இருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முகாம் குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் படங்கள், இருக்கிறதெல்லாம் எடுத்துக் கொண்டு மேலதிக மாவட்டப் பதிவாளரைச் சந்தியுங்கள். பணச் செலவுக்குப் பயந்து சட்டத்தரணியிடம் போகாமல் இருக்கவும் வேண்டாம். 1978 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறது.

வீட்டுக்குப் போனதும் ஒரு கோப்பு வாங்குங்கள். ஒவ்வொருவருடைய பத்திரத்தையும் மூன்று பிரதி எடுத்து அதில் இடுங்கள். ஒரு தொகுதியை வேறொரு வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். ஓடிய காலத்தில் எதை எடுப்பது எதை விடுவது என்று தவித்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேசி வைத்திருக்கிற சம்பந்தம் எதுவும் இருந்தால், அந்தப் பத்திரங்களோடு எங்களுடைய கள அலுவலரைச் சந்தியுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். எல்லோர் முன்னும் கேட்க விருப்பமில்லாதவர்கள் கூட்டம் முடிந்த பின் தனியே வாருங்கள்.